நாற்பத்தாறாம் பக்கம் வெளியான வாரம்

என் தங்கை பிரேமலா தன் முப்பத்திரண்டு வயதுக்குள் வென்றவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். சான்றிதழ்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். தேதியில் பிழை இருக்காது.

2003 ஜூலை 19, கோல சிலாங்கூரில் மாவட்ட ஓவியப் போட்டி. எங்கள் தோட்டப் பள்ளியில் அப்போது மொத்தம் முப்பத்தொரு பிள்ளைகள். பஸ் வராததால் நான் அவளை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போனேன். நாற்பது நிமிடம் தாமதம். மற்றப் பிள்ளைகள் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தபோது இவள் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள். வண்ணமே இல்லாத படத்துக்கு முதல் பரிசு.

2009-இல் பள்ளியிறுதி எஸ்.பி.எம். தேர்வில் ஓவியத்துக்கு ஏ. அந்த ஆண்டு முழுவதும் அவள் பள்ளியில் ஓவிய ஆசிரியரே இல்லை.

2013-இல் ஓவிய டிப்ளோமா. நாங்கள் குடியிருந்த தோட்டத்து லயத்தை இடித்ததும் அதே ஆண்டுதான். சாமான்களை லோரியில் ஏற்றி ஈஜோக்கிற்கு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. அவள் கடைசித் தேர்வுக்காகச் சேர்த்து வைத்திருந்த படங்கள் எல்லாம் ஊறிப்போயின. பதினேழு நாளில் அவ்வளவையும் மறுபடி வரைந்து கொடுத்தாள்.

2016 மார்ச் 7, ஷா ஆலமில் ஒரு சித்திரக்கதை நிறுவனத்தில் வேலை. விண்ணப்பித்தவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர், எடுத்தது இரண்டு பேரை. பிரேமலாவுக்கு இடது கைப் பழக்கம். ஈர மையின் மேல் கை பட்டுக் கோடு கலைந்துவிடும் என்று சொல்லி அங்கே அவளைத் தட்டிக்கழிக்கப் பார்த்தார்கள். அவள் தாளைத் தலைகீழாகத் திருப்பி, ஒரு முகம் முழுவதற்கும் மை போட்டுக் காட்டினாள். ஒரு கோடுகூடக் கலையவில்லை.

இப்படி வந்தவள் போன வருடம் செப்டம்பரில் ஐந்தே நாளில் எல்லாவற்றையும் இழந்தாள். அது எப்படி என்பதைத்தான் எழுதுகிறேன். அதில் நான் செய்த காரியமும் இருக்கிறது. அதை மறைக்காமல் அதன் இடத்தில் சொல்கிறேன்.

நான் ரவாங்கில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவன். பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டவன். என் மனைவி கங்கா வீட்டிலேயே கேக் செய்து விற்கிறாள். அப்பா அம்மா இல்லை. பிரேமலா எங்களோடுதான் இருக்கிறாள். முன் அறையில் சன்னலோரம் அவள் மேசை. வாரத்தில் இரண்டு நாள் ஷா ஆலம் போவாள், மற்ற நாள் வீட்டிலிருந்தே வேலை.

அவள் வேலை செய்தது மலாய் மொழியில் வரும் ஒரு சித்திரத் தொடர்கதைக்கு. தலைமை ஓவியர் புவனேசன். அட்டையில் அவர் பெயர்தான் இருக்கும். அவர் பென்சிலால் வரைந்ததற்கு பிரேமலா மை போடுவாள். ஆறு, படகு, பால் வெட்டும் கித்தா மரம், மழை என்று பின்புறத்தில் இருப்பதெல்லாம் அவளே வரைந்தது. உதவி ஓவியர்கள் பெயரைப் போடும் பழக்கம் அந்த நிறுவனத்தில் இல்லை. எட்டு ஆண்டில் பதினொரு புத்தகம் வந்தது. எதிலும் அவள் பெயர் இல்லை. நான் ஒருமுறை கேட்டதற்கு, "சமையல்காரன் பேரை வாழையிலையிலயா எழுதுறாங்க, அண்ணே?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

கதை ஒரு முகத்துவாரக் கிராமத்தில் நடக்கிறது. முகமூடி போட்ட ஓர் ஆள் இரவில் படகில் வந்து கடத்தல்காரர்களைப் பிடிப்பான். அந்த முகமூடிக்குள் யார் என்பதுதான் நான்கு ஆண்டாக வாசகர்களுக்குக் கேள்வி. பந்தயம் கட்டினவர்கள்கூட உண்டு என்று பிரேமலா சொல்லுவாள். பன்னிரண்டாவது புத்தகம்தான் கடைசி. அதில் நாற்பத்தாறாம் பக்கத்தில் முகமூடி கழலும். உள்ளே இருப்பது கதாநாயகனான கிராமத்துப் பையனின் அம்மா. முதல் புத்தகத்தில் ஆற்றில் மூழ்கிச் செத்ததாக எல்லாரும் நினைத்தவள்.

அந்தச் சமயம் புவனேசனுக்கு மணிக்கட்டில் வீக்கம். கட்டுப் போட்டிருந்தார். அதனால் நாற்பத்தாறாம் பக்கத்தைப் பென்சிலிலிருந்து மைவரைக்கும் பிரேமலாவே செய்தாள். முழுப்பக்கத்துக்கு ஒரே முகம். ஈரத் தலைமுடி, கண்ணுக்குக் கீழே உப்பு காய்ந்த தடம், தோளுக்குப் பின்னால் எண் எழுதிய படகின் முனை. பதினொரு நாள் எடுத்தாள். படத்தைப் பற்றிப் பேச எனக்குத் தெரியாது. ஆனால் முதல்முறை பார்த்தபோது நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

தாளில் போட்ட மூலப்படம் ஷா ஆலம் அலுவலகத்தின் இரும்பு அலமாரிக்குப் போய்விடும். அதைக் கணினியில் ஏற்றி, எழுத்துச் சேர்த்து, சரிபார்க்க ஐந்து பேருக்கு மட்டும் அனுப்புவார்கள். பிரேமலாவுக்குத் திரையில் பார்த்தால் போதாது. வீட்டில் பிரிண்ட் எடுத்து, பென்சிலால் குறித்துத்தான் திருத்துவாள். வேலை முடிந்ததும் அதைக் கிழித்துப் போட வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி.

அவள் கிழிக்கவில்லை. நான்தான் கிழிக்க விடவில்லை. பிரிண்டுகளை வாங்கி, தேதி போட்டு, பிளாஸ்டிக் உறையில் செருகி ஃபைலில் வைப்பேன். அட்டையில் பெயர் இல்லாவிட்டாலும் இது அவள் வேலை என்று வீட்டிலாவது ஒரு சாட்சி இருக்கட்டும் என்று நினைத்தேன். "யார்கிட்டயும் காட்டாதீங்க அண்ணே" என்பாள் ஒவ்வொரு முறையும். நானும் யாரிடமும் காட்டியதில்லை. கங்காவுக்குக்கூட ஃபைலைத் திறந்து காட்டியதில்லை.

செப்டம்பர் 9, திங்கட்கிழமை. காலையில் நான் வேலையில் இருந்தபோது கங்கா போன் செய்தாள்.

"என்னங்க, பிரேமா பேசவே மாட்டேங்குறா. போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. நீங்க வாங்க."

நாற்பத்தாறாம் பக்கத்தின் படம் வாசகர் குழுக்களில் வந்துவிட்டது. அம்மாவின் முகம் அப்படியே. புத்தகம் வெளிவர இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. நான் வீட்டுக்கு வருவதற்குள் ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்துவிட்டார்கள். நாலு வருடம் காத்திருந்தது வீண், இனி புத்தகத்தை எதற்கு வாங்க வேண்டும் என்று ஒருவன் எழுதியிருந்தான். அதற்குக் கீழே நூறு பேர் ஆமாம் போட்டிருந்தார்கள்.

மறுநாள் ஷா ஆலத்துக்கு வரச் சொன்னார்கள். பிரேமலா தனியாகத்தான் போனாள். மாலை திரும்பி வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல் முன் அறையில் நின்றாள்.

"என் காப்பிதானாம், அண்ணே."

"என்னம்மா சொல்ற?"

"அஞ்சு பேருக்கு அனுப்புனதுல, அந்தப் பக்கத்துல இருக்குற படகு நம்பரை ஆளுக்கு ஒண்ணா மாத்தி அனுப்பியிருக்காங்க. போன தடவ கதை வெளிய போனப்ப ஆள் சிக்கல. அதுனால இந்தத் தடவ புவானுக்கு மட்டும் தெரிஞ்சி இப்படிச் செஞ்சிருக்காங்க. வெளிய வந்த படத்துல 4417. அது எனக்கு வந்த நம்பரு."

புவான் என்று அவள் சொன்னது பதிப்பாசிரியரான மலாய் அம்மையாரை.

"நீ யாருக்காச்சும் அனுப்புனியா?"

கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன். அவள் என்னையே பார்த்தாள்.

"நீங்களுமா, அண்ணே?"

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பக்கத்தை வேண்டுமென்றே வெளியாருக்குக் கொடுத்ததாக அவள் ஒப்புக்கொள்ளும் கடிதம் அது. போட்டால் வேலையை விட்டு அனுப்புவார்கள், விஷயம் அலுவலகத்தோடு முடியும். போடாவிட்டால் அவள் பெயரைச் சொல்லி வாசகர்களுக்கு அறிவிப்பார்கள். இந்த நாட்டில் சித்திரக்கதை போடுகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்கள். அவர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். கதையை வெளியே விட்டவள் என்று ஒருமுறை பெயர் வந்துவிட்டால், அதற்குப் பிறகு யாரும் அவளிடம் ஒரு பக்கம்கூடத் தரமாட்டார்கள். வரைவதைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ள அவள் விரும்பியதும் இல்லை.

அன்று முதல் வீட்டில் சோறு ஆக்கியது ஆக்கியபடியே இருந்தது. அலுவலக வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒருவர், "ஈஜோக்கில் நெட்டே கிடைக்காது என்பார்கள், லீக் மட்டும் நன்றாகப் போகிறது" என்று எழுதி, அதற்கு எட்டுப் பேர் சிரித்திருந்தார்கள். அந்த எட்டுப் பேரின் பிறந்தநாளுக்கும் இவள் கார்டு வரைந்து கொடுத்திருக்கிறாள்.

நான் என் வேலையில் செய்வதையே வீட்டிலும் செய்தேன். தொழிற்சாலையில் ஒரு பெட்டி கெட்டுப்போனால், அது யார் யார் கை வழியாக வந்தது என்று பின்னோக்கி எழுதிப் பார்ப்போம். காலண்டரைக் கிழித்துப் பின்பக்கத்தில், ஆகஸ்ட் 20 முதல் எங்கள் வீட்டுக்குள் வந்தவர்கள் எல்லாரையும் எழுதினேன். சமையல் கேஸ் தோம்பு கொண்டு வந்தவர், கேக் வாங்க வந்த மூன்று பேர், மின்விசிறி மாட்டியவர், கங்காவின் சித்தி. வந்த நேரம், இருந்த நேரம், எந்த அறை என்றுகூட எழுதினேன். பத்தாங் காலியில் பிரேமலா லேப்டாப்பைப் பழுதுபார்க்கக் கொடுத்த கடையையும் சேர்த்தேன். மொத்தம் ஏழு.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு அந்தக் கடைக்குப் போனேன். நுழைந்ததுமே சத்தம் போட்டேன்.

"என் தங்கச்சி லேப்டாப்புல என்னத்த எடுத்த, சொல்லு!"

கடைக்காரர் திருப்புளியைக் கீழே வைத்தார். "அண்ணே, நான் கீபோர்டு மாத்துனேன், அவ்வளவுதான். அங்க வரிசையப் பாருங்க, பதினாலு லேப்டாப்பு காத்துக் கிடக்குது. ஒருத்தர் ஃபைலைத் தொறந்து கதை படிக்க எனக்கு நேரம் இருக்குதா லா?"

"அப்ப வேற யாரு எடுத்தா?"

"அதை உங்க வீட்டுல போய்க் கேளுங்க. ஈஜோக்லேர்ந்து இவ்ளோ தூரம் இதுக்குத்தான் பெட்ரோல் போட்டு வந்தீங்களா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் இன்னும் இரண்டு வார்த்தை தகாதது சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அதே நாள் பிரேமலா கங்காவிடம் கேட்டிருக்கிறாள். கங்கா கேக்கை என்றும் முன் அறையில், சன்னல் வெளிச்சத்தில் வைத்துத்தான் படம் எடுப்பாள். பின்னால் மேசை தெரியும்.

"அண்ணி, கேக்கு படத்துல என் பக்கம் ஏதாச்சும் விழுந்திருக்குமா?"

கங்கா போனை அவள் மடியில் போட்டாள். "எடுத்துப் பாரு. எல்லாத்தையும் பாரு. கேக்கு, அதுக்கப்புறம் கேக்கு, வாயைத் தொறந்துக்கிட்டுத் தூங்குற உங்க அண்ணன். வேற என்ன இருக்குது என்கிட்ட? ஒம்பது வருஷமா உனக்குச் சோறு போட்டதுக்கு இதையும் கேட்டுட்ட."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசவில்லை. நான் என் பட்டியலில் கங்காவின் சித்தி பெயருக்கு நேரே ஒரு கேள்விக்குறி போட்டேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

வியாழக்கிழமை மாலை பிரேமலா வெளியான படத்தைத் திரையில் பெரிதாக்கி என்னைக் கூப்பிட்டாள். மூன்று நாளாக அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவள் கண் வீங்கியிருந்தது.

"இதைப் பாருங்க அண்ணே. இது லேப்டாப்புலேர்ந்து எடுத்தது இல்ல. தாளைப் படம் புடிச்சி, சுத்தி வெட்டியிருக்காங்க. நடுவுல மடிப்பு தெரியுது பாருங்க. நான் பிரிண்டை மடிக்கவே மாட்டேன். அப்புறம் இந்த மூலையில செகப்பா ஒரு தீத்தல். இந்தப் பக்கமே கறுப்பு வெள்ளை. செகப்பு எங்கேர்ந்து வந்துச்சி?"

நான் அந்தச் சிவப்பைப் பார்த்தேன். அது குங்குமம்.

செப்டம்பர் 6, வெள்ளிக்கிழமை நான் செய்தது இது. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் இன்னும் அங்கேயே, எண்ணெய்ப்பனைகளுக்கு நடுவில் இருக்கிறது. மறுநாள் விநாயகர் சதுர்த்தி என்பதால் நல்ல அலங்காரம். எங்கள் ஆட்கள் எதைப் புதிதாகத் தொடங்கினாலும் அம்மன் காலடியில் வைத்து எடுப்பார்கள். புது மோட்டார் சாவி, தேர்வுக்குப் போகும் பிள்ளையின் அடையாள அட்டை, வேலைக்கு வந்த கடிதம், கல்யாணப் பத்திரிகை, எல்லாம். முதல் பத்திரிகை அம்மனுக்கு வைத்த பிறகுதான் சொந்தக்காரர்களுக்கே கொடுப்போம். நான் ஃபைலிலிருந்து நாற்பத்தாறாம் பக்கத்தை எடுத்து, நான்காக மடித்து, அர்ச்சனைத் தட்டில் வெற்றிலைக்கு அடியில் வைத்துக் கொண்டுபோனேன். என் தங்கையே முழுசாக வரைந்த முதல் பக்கம், புத்தகம் வருமுன் அம்மன் பார்க்கட்டும் என்று நினைத்தேன். குருக்கள் தாளைப் பிரித்துக் காலடியில் வைத்தார். தீபம் காட்டி முடிந்ததும் திருப்பிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து ஃபைலில் பழையபடி செருகினேன். தேதிகூடக் குறித்தேன்.

யாருக்கும் காட்டாதே என்று அவள் சொன்னதை மீறியதாக எனக்குத் தோன்றவே இல்லை. அம்மனுக்குக் காட்டுவது வெளியாருக்குக் காட்டுவது ஆகாது என்றுதான் என் புத்தியில் இருந்தது. பட்டியல் எழுதும்போதும் அந்த வெள்ளிக்கிழமையை எழுதினேன். காலை பத்து மணி, கேஸ் தோம்பு என்று எழுதினேன். கோயிலுக்குப் போனது அதில் இல்லை. என் பெயரும் இல்லை.

பிரேமலாவிடம் ஒன்றும் சொல்லாமல் மோட்டாரை எடுத்தேன். கோயில் செயலாளர் முருகையா வீடு அடுத்த கிராமத்தில். வாரா வாரம் அலங்காரத்தைப் படம் எடுத்து கோயில் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறவர் அவர்தான். அவர் மகன் வாங்கிக் கொடுத்த புது போன்.

"வாங்க தம்பி, வாங்க! நானே உங்களைப் பாக்கணும்னு இருந்தேன்" என்றார். "போன வெள்ளி அலங்காரத்துக்குக் குழுவுல எத்தனை கும்பிடு வந்திருக்கு தெரியுமா? நாப்பத்தொண்ணு! வழக்கமா பத்து தாண்டாது."

போனை நீட்டினார். அம்மன் முகம், எலுமிச்சை மாலை, கீழே தட்டு. தட்டுக்குப் பக்கத்தில் என் தங்கையின் பக்கம், மூலையில் குருக்கள் விரல் பட்ட குங்குமத்தோடு. விரலால் இழுத்துப் பெரிதாக்கினேன். 4417 என்ற எண்வரைக்கும் தெளிவாக இருந்தது.

"நல்ல கேமரா, இல்ல?" என்றார் முருகையா.

"நல்ல கேமரா, ஐயா" என்றேன்.

குழுவில் நூற்று எண்பத்தாறு பேர். பத்தாங் காலி, கெர்லிங், ரவாங் என்று சிதறிப்போன பழைய தோட்டத்துக் குடும்பங்கள். அவர்களில் யாரோ, அல்லது அவர்கள் வீட்டுப் பிள்ளை யாரோ, அந்தப் பக்கத்தை மட்டும் வெட்டி அனுப்பியிருக்கிறார்கள். அது யார் என்று இன்றுவரை தெரியாது. தேடவும் இல்லை. அன்றோடு எனக்கு ஆள் தேடும் தெம்பு போய்விட்டது.

வீட்டுக்கு வந்து ஃபைலை அவள் முன்னால் விரித்துச் சொன்னேன். கங்காவையும் கூப்பிட்டு உட்கார வைத்துத்தான் சொன்னேன். பிரேமலா உறையிலிருந்து தாளை எடுத்து, குங்குமத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். நான் அழுதேன். அவள் அழவில்லை.

"திட்டும்மா. ஏதாச்சும் சொல்லு."

"என்னத்த திட்டுறது, அண்ணே? கிழிக்க வேண்டியதைக் கிழிக்காம உங்க கையில குடுத்தது நான்தானே." தாளை மறுபடி உறைக்குள் செருகிக்கொண்டே, "அம்மன் நல்லாப் பாத்துச்சா?" என்றாள். கேலியா, கேள்வியா என்று எனக்குப் புரியவில்லை.

"நீ தூங்குறப்ப நான் திருடிட்டுப் போனேன்னு சொல்லிடுறேன். போலீசுக்குக்கூட எழுதிக் குடுத்துடுறேன்."

"பொய்யெல்லாம் வேணாம். நடந்ததைச் சொல்லுவோம்."

அவள் எழுந்து கங்காவிடம் போனாள். "அண்ணி, மன்னிச்சிருங்க" என்றாள். அன்று கங்கா இரண்டு தட்டில் சோறு போட்டு வைத்தாள். என் தட்டு அதில் இல்லை.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கே ஷா ஆலம் போய்விட்டோம். அறையில் பதிப்பாசிரியரும் கையில் கட்டோடு புவனேசனும் இருந்தார்கள். நான் எனக்குத் தெரிந்த மலாயில் எல்லாவற்றையும் சொன்னேன். ஃபைலையும் குங்குமத் தாளையும் மேசையில் வைத்தேன். முருகையா போட்ட படத்தைக் காட்டினேன்.

புவனேசன் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏங்க, அறுபது பக்கத்துல பூசைக்கு வேற பக்கமே கிடைக்கலயா உங்களுக்கு? ஆறு, மரம், படகுன்னு எவ்வளவு வரைஞ்சி குடுத்திருக்கா. அதுல ஒண்ணை வச்சிருக்கக் கூடாது?"

பிறகு அவரே பதிப்பாசிரியருக்கு எங்கள் வழக்கத்தை விளக்கினார். தன் முதல் புத்தகத்தின் அட்டையைத் தானும் கோயிலில் வைத்ததாகச் சொன்னார். அந்த அம்மையார் கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டார். என்னிடம் கேட்டதைத் தமிழில் எழுதுகிறேன்.

"கோயிலில் படம் எடுப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். வாரா வாரம் எடுப்பார்கள்."

"தெரிந்தும் வைத்தீர்கள்."

"அம்மனைத்தான் எடுக்கிறார்கள் என்று நினைத்தேன். கீழே இருப்பதை யார் பார்ப்பார்கள் என்று நினைத்தேன்."

அவர் கடிதத்தை பிரேமலா பக்கம் தள்ளினார். "நான் உங்களை நம்புகிறேன். ஆனால் அச்சகமும் விநியோகஸ்தரும் யார் செய்தது என்று கேட்கிறார்கள். கோயில் கதையைச் சொன்னால் சிரிப்பார்கள். இது வக்கீல் எழுதிய கடிதம். மாற்ற முடியாது."

"வேணும்னே குடுத்தேன்கிற வரியை மட்டும் எடுத்துடுங்க" என்றாள் பிரேமலா. "விதியை மீறி அண்ணன்கிட்ட குடுத்தேன்னு எழுதுங்க. இப்பவே கையெழுத்துப் போடுறேன்."

"மாற்ற முடியாது."

நான் தாங்கமுடியாமல் அவள் கையைப் பிடித்தேன். "போட்டுடும்மா. உள்ளுக்குள்ளயே முடிஞ்சிடும். பேரு வெளிய வந்துட்டா அப்புறம் எவனும் கூப்பிட மாட்டான். உன் கால்ல விழுறேன், போட்டுடு."

"எட்டு வருஷம் இங்க வேலை செஞ்சிருக்கேன், அண்ணே. நான் விக்கல, யாருக்கும் அனுப்பல. செய்யாததைச் செஞ்சேன்னு எழுதிட்டு, நாளைக்கு எந்த மூஞ்சோட பேனாவை எடுக்குறது?"

கடிதத்தைத் திருப்பித் தள்ளிவிட்டாள். மாலை ஆறு மணிக்கு நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அறிவிப்பு வந்தது. அவளுடைய முழுப்பெயர், அப்பா பெயரோடு. எட்டு ஆண்டில் அந்த நிறுவனம் அவள் பெயரை எழுத்தில் போட்டது அந்த ஒரு முறைதான். அந்த ராத்திரிக்குள் முகம் தெரியாத ஆட்கள் எழுதியதை எல்லாம் நான் இங்கே எழுதமாட்டேன். அதற்குப் பிறகு அவள் ஏழு நிறுவனங்களுக்கு எழுதினாள். இரண்டிலிருந்து வேண்டாம் என்று பதில் வந்தது, ஐந்திலிருந்து பதிலே வரவில்லை. ஜனவரியிலிருந்து என் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் வரிசையில் நிற்கிறாள். நான் தரம் பார்க்கும் மேசையிலிருந்து பார்த்தால் அவள் முதுகு தெரியும். சன்னலோர மேசையில் இப்போது கங்காவின் கேக் பெட்டிகள் இருக்கின்றன. பிரேமலாவே எடுத்து வைத்தாள்.

ஆனால் அன்று அந்த அறையை விட்டு வெளியே வருமுன் இன்னொன்று நடந்தது. அதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன்.

ரகசியம் வெளியாகிவிட்டதால் முகமூடிக்குள் வேறோர் ஆளை வைக்க முடிவு செய்திருந்தார்கள். நாற்பத்தாறாம் பக்கத்தை வேறொருவர் மறுபடி வரைவார். தாளில் இருக்கும் மூலப்படம் யார் கைக்காவது போய் விலைபேசப்படக் கூடாது, அன்றே அழிக்க வேண்டும் என்பது உத்தரவு. புவனேசன் இரும்பு அலமாரியைத் திறந்து அதை எடுத்து வந்தார். பிரிண்டில் பார்த்ததைவிட இரண்டு மடங்கு பெரியது. தாள் கிழிக்கும் இயந்திரம் மூலையில் இருந்தது. நல்ல கையால் தாளைப் பிடித்துக்கொண்டு அதன் முன்னால் நின்றார். உள்ளே விடவில்லை.

"என்னால முடியாது, பிரேமா" என்றார்.

"குடுங்க, நான் போடுறேன். ஒரு நிமிஷம் மட்டும்."

பதிப்பாசிரியர் தலையாட்டினார். பிரேமலா தாளை மேசையில் விரித்தாள். பையிலிருந்து தன் மைப்பேனாவை எடுத்தாள். அந்த அம்மாவின் ஈரத் தலைமுடி முடிகிற இடத்துக்குக் கீழே, வலது ஓரத்தில், தமிழில் பிரேமலா என்று முழுசாக எழுதினாள். சுருக்கவில்லை, அவசரப்படவும் இல்லை. எழுதி முடித்து மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தாளைத் தூக்கிக்கொண்டு போய்த் தானே இயந்திரத்தில் விட்டாள். மேலிருந்து கீழாகப் போனது. பெயர் இருந்த ஓரம்தான் கடைசியாக உள்ளே இறங்கியது.

நான் கடிகாரத்தைப் பார்த்து அங்கேயே குறித்துக்கொண்டேன். தான் வரைந்த ஒரு பக்கத்தின் கீழ் என் தங்கை முதன்முதலாகக் கையெழுத்திட்டது மூன்று மணி இருபது நிமிடத்துக்கு, 2024 செப்டம்பர் 13.